முதல் சக்கரம் கட்ட எந்தக் கம்பி வாங்குவது?

சைக்கிள் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

மலைப்பாதை சைக்கிளுக்குச் சொந்தமாகச் சக்கரம் கட்ட முனைந்திருக்கும் வாசகர்களின் கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்போக் கம்பியைப் பற்றியவை, அதாவது நடுவிலுள்ள ஹப்பை வெளி வளையமான ரிம்மோடு இணைக்கும் கம்பியைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை விரிவாகப் பதில்.

29 அங்குல ஹார்ட்டெயில் (பின்னால் ஷாக் அப்சார்பர் இல்லாத) சைக்கிளுக்கு இரண்டு சக்கரங்களையும் நானே கட்டப் போகிறேன். ரிம், ஹப் இரண்டிலும் 32 ஓட்டை. என் எடை 78 கிலோ. தேயிலைத் தோட்டப் பாதைகளில்தான் ஓட்டுவேன். "2 மி.மீ. முழுக் கம்பி போடுங்க, அதுதான் அறாது" என்கிறார் கடைக்காரர். நண்பர்கள் நடுவில் மெலிந்த கம்பியைச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், கோத்தகிரி

நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். இரு முனையும் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி உங்களுக்குச் சரியாக இருக்கும். 'டபுள் பட்டட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். டி.டி. ஸ்விஸ் நிறுவனத்தின் காம்படிஷன், சாபிம் நிறுவனத்தின் ரேஸ் இரண்டும் இந்த அளவுதான்.

அறுந்து விழுந்த கம்பிகளை எடுத்துப் பாருங்கள். நடுவில் அறுந்த கம்பி அபூர்வம். ஹப் ஓட்டைக்குள் வளைந்து நுழையும் கழுத்தில் அறும், இல்லையென்றால் ரிம்மில் கம்பியை இறுக்கும் சிறு நட்டான நிப்பிளுக்குள் மரை தொடங்கும் இடத்தில் அறும். ஒரே அடியில் அறுவதும் குறைவு. 29 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 430 முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு நேராக வரும் கம்பியின் டென்ஷன், அதாவது இழுவிசை குறைந்து, மேலே போனதும் திரும்ப ஏறுகிறது. டென்ஷன் முழுவதுமாக விட்டுப்போகும் அளவுக்குக் குறைந்தால் கழுத்து ஹப்பில் அழுந்தி நிற்காமல் அசையத் தொடங்கும். உலோகம் களைத்துப்போவது இந்த அசைவில்தான்.

அதனால் கம்பிக்கு வேண்டியது கொஞ்சம் நீளும் தன்மை. 290 மி.மீ. நீளமுள்ள 2.0 மி.மீ. முழுக் கம்பி 100 கிலோ டென்ஷனில் ஏறக்குறைய 0.46 மி.மீ. நீள்கிறது. நடுவில் 1.8 என்றால் 0.55 மி.மீ. நீள்கிறது. பாறையில் இடித்து ரிம் அந்த இடத்தில் 0.3 மி.மீ. உள்ளே தள்ளப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுக் கம்பி தன் டென்ஷனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழக்கும். மெலிந்த கம்பி பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இழக்கும். மிச்சமிருக்கும் டென்ஷன் கழுத்தையும் நிப்பிளையும் இடத்தில் பிடித்துவைக்கும். அறுகிற இரண்டு முனைகளிலும் தடிமன் 2.0தான் என்பதால் அங்கே எந்த இழப்பும் இல்லை. 64 கம்பிக்குச் சுமார் 60 கிராம் எடை குறைவது உபரி லாபம்.

முழுக் கம்பி போட்டால் சக்கரம் நிற்காது என்று சொல்லவில்லை. ஒழுங்காகக் கட்டினால் அதுவும் பல ஆண்டு ஓடும். விலை இடித்தால் முழுக் கம்பி வாங்குங்கள், ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும்.

கம்பி ஸ்டெயின்லெஸ்ஸா, துத்தநாகம் பூசியதா என்று காந்தம் வைத்துப் பார்த்தேன். லேசாக ஒட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர், திருப்பூர்

காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். ஸ்போக் கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து மெலியவைக்கிறார்கள். அந்த இழுப்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஓரளவு காந்தத் தன்மை பெற்றுவிடும். துத்தநாகப் பூச்சுக் கம்பி மங்கலான சாம்பல் வெள்ளையாக இருக்கும். கத்தி முனையால் கீறினால் பூச்சு உரியும். ஸ்டெயின்லெஸ்ஸில் கீறல் விழும், அடியில் வேறு நிறம் தெரியாது. ஒரு கம்பியைப் பலி கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கம்பித் தலையில் தயாரிப்பாளரின் குறி பொறித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். எந்தக் குறியும் இல்லாத கம்பியை மலைப்பாதைச் சக்கரத்தில் போட வேண்டாம்.

கம்பி நீளம் கணக்கிடும் செயலிகள் மூன்றில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று 2, 3 மி.மீ. வித்தியாசம் வருகிறது. எதை வைத்து ஆர்டர் கொடுப்பது? ஒருமுறை வாங்கினால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

செயலிகள் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே சூத்திரம். வித்தியாசம் பெரும்பாலும் ரிம்மின் ஈ.ஆர்.டி. எண்ணில்தான் இருக்கும். கம்பிகளின் நுனிகள் நிப்பிளுக்குள் வந்து நிற்கும் வட்டத்தின் விட்டம்தான் ஈ.ஆர்.டி. ஒரே ரிம்முக்கு ஆளுக்கொரு எண் கொடுத்துவைத்திருப்பார்கள். நீங்களே அளந்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

இரண்டு பழைய கம்பிகளை மரை நுனியிலிருந்து சரியாக 200 மி.மீ. இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே வகை நிப்பிளை, அதன் தலையில் ஸ்க்ரூடிரைவர் நுழையும் பிளவின் அடிமட்டத்தைக் கம்பி நுனி தொடும் வரை திருகுங்கள். நிப்பிள் தலை ரிம்மில் உட்காரும்படி ஒரு கம்பியை 1ஆம் ஓட்டையிலும் மற்றதை நேரெதிரே 17ஆம் ஓட்டையிலும் விட்டு, இரண்டையும் உள்பக்கம் இறுக இழுத்துப் பிடித்து, வெட்டு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளவெடுங்கள். இடைவெளி 200 என்றால் ஈ.ஆர்.டி. 600. இதையே 9, 25 ஓட்டைகளிலும் செய்து சராசரி எடுங்கள். இரண்டு அளவுக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிம் வட்டமாக இல்லை. கட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஹப். கம்பி ஓட்டைகள் உள்ள வட்ட விளிம்பை ஃபிளாஞ்ச் என்பார்கள். அதில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் பி.சி.டி. ஹப்பின் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு ஃபிளாஞ்சும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் வேண்டும். 148 மி.மீ. அகலமுள்ள 'பூஸ்ட்' வகைப் பின் ஹப்பில் பாதி 74. இட முனையிலிருந்து ஃபிளாஞ்ச் 40 மி.மீ. உள்ளே இருந்தால் 74 – 40 = 34. கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) பக்கம் 52 என்றால் 74 – 52 = 22.

இனிக் கணக்கு. ஈ.ஆர்.டி. 600, பி.சி.டி. 58, 32 ஓட்டை, மூன்று கிராஸ் (ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்தின் மற்ற மூன்று கம்பிகளைக் குறுக்கே கடப்பது). ரிம் ஆரம் 300, ஃபிளாஞ்ச் ஆரம் 29. மூன்று கிராஸுக்கான கோணம் 3 × 360 ÷ 16 = 67.5 பாகை (16 என்பது ஒரு பக்கத்து ஓட்டைகள்), அதன் கொசைன் 0.3827. 300இன் வர்க்கம், 29இன் வர்க்கம், ஃபிளாஞ்ச் தூரத்தின் வர்க்கம் மூன்றையும் கூட்டி, அதிலிருந்து 2 × 300 × 29 × 0.3827 கழித்து, வர்க்கமூலம் எடுத்து, ஹப் ஓட்டையின் பாதியான 1.3 மி.மீ.யைக் கழியுங்கள். இடப்பக்கம் 290.8, கேசட் பக்கம் 289.7 வரும்.

எந்த அளவு தவறினால் எவ்வளவு கெடும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஃபிளாஞ்ச் தூரத்தை 2 மி.மீ. தவறாக எடுத்தால் நீளத்தில் கால் மி.மீ.தான் மாறும். பி.சி.டி. 2 மி.மீ. தவறினாலும் 0.3 மி.மீ. ஆனால் ஈ.ஆர்.டி. 3 மி.மீ. தவறினால் கம்பி ஏறக்குறைய 1.5 மி.மீ. தவறிவிடும். கிராஸை மாற்றிப் போட்டுக் கணக்கிட்டால் வாங்கிய கம்பி மொத்தமும் வீண்: இதே இடப்பக்கத்துக்கு இரண்டு கிராஸ் என்றால் 281.0தான் வரும். 28 ஓட்டையில் மூன்று கிராஸ் என்றால் 295.6.

விடையைக் கீழ் நோக்கி முழு எண்ணாக்குங்கள். டென்ஷன் ஏறும்போது கம்பி அரை மி.மீ. நீளும், ரிம்மும் கொஞ்சம் சுருங்கும். பல கடைகளில் 2 மி.மீ. இடைவெளியில் இரட்டைப்படை நீளங்கள்தான் கிடைக்கும். மேலே சொன்ன சக்கரத்துக்கு இரு பக்கமும் 290 வாங்கினாலே போதும். 2 மி.மீ. நீளமான கம்பியில் மரை தீர்ந்துபோய் நிப்பிள் மேற்கொண்டு ஏறாது. 2 மி.மீ. குட்டையான கம்பி நிப்பிளின் தலை வரை எட்டாது; முழு இழுப்பும் நிப்பிள் கழுத்தில் விழும். அலுமினிய நிப்பிளில் தலை தனியாகக் கழன்றுவிடும்.

கம்பியின் நீளத்தை வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை நுனி வரை அளப்பதுதான் முறை. தலையோடு சேர்த்து அளந்து ஆர்டர் கொடுப்பவர்கள் நிறைய.

சிவப்பு, நீல அலுமினிய நிப்பிள் அழகாக இருக்கிறது. போடலாமா? வீடு கடற்கரைக்குப் பக்கத்தில்.
– வாசகர், திருவான்மியூர்

வேண்டாம். பித்தளை நிப்பிளே போடுங்கள். 64 நிப்பிளுக்கு அலுமினியத்தில் மிச்சமாவது சுமார் 40 கிராம். உப்புக் காற்றில் அலுமினியம் பூத்து, கம்பி மரையோடு ஒட்டிக்கொள்ளும். ஓராண்டு கழித்துக் கோட்டம் எடுக்க உட்கார்ந்தால் நிப்பிள் திருகும் சாவியின் பிடியில் முனை மழுங்கி உருளும். கார்பன் ரிம் என்றால் அரிப்பு இன்னும் வேகம். டி.டி. ஸ்விஸ், சாபிம் நிப்பிள்களின் சாதாரண அளவு 3.23 மி.மீ. அதே அளவுச் சாவி வாங்குங்கள். பல அளவு வெட்டிய வட்டச் சாவி பஞ்சர் பெட்டியில் இருக்கட்டும், சக்கரம் கட்ட உதவாது.

எடை 104 கிலோ. டியூப்லெஸ் டயர், 32 ஓட்டை ரிம். தடித்த 13 கேஜ் கம்பி போட்டால் நிம்மதியா?
– வாசகர், திருச்சி

13 கேஜ் என்பது முழு நீளத்துக்கும் ஏறக்குறைய 2.3 மி.மீ. தடிமன். அதன் மரை 2.0 மி.மீ. நிப்பிளில் ஏறாது. மேலே கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன காரணத்தால் அது நீளவும் நீளாது. உங்களுக்கென்றே 'டிரிபிள் பட்டட்' இருக்கிறது. கழுத்துப் பக்கம் தடிமன், நடுவில் மெலிவு, மரையில் 2.0. டி.டி. ஸ்விஸ் ஆல்பைன் 3 கம்பி 2.34/1.8/2.0, சாபிம் ஃபோர்ஸ் 2.18/1.8/2.0. தடித்த கழுத்து ஹப் ஓட்டையை நிறைத்து உட்காருவதால் அசைவு குறைகிறது. 2.34 எல்லா ஹப்பிலும் நுழையாது. ஒரே ஒரு கம்பி வாங்கி உங்கள் ஹப்பில் விட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.

ஹப், ரிம் இன்னும் வாங்கவில்லை என்றால் பின் சக்கரத்துக்கு 36 ஓட்டை தேடிப் பாருங்கள். தடித்த கம்பியைவிட, நான்கு கம்பி கூடுதலாக இருப்பது அதிகம் தாங்கும்.

பின் சக்கரத்தில் இடப்பக்கக் கம்பிகள் மட்டும் திரும்பத் திரும்பத் தளர்கின்றன. மரையில் பசை போட்டும் பார்த்தாயிற்று.
– வாசகர், யாழ்ப்பாணம்

கேசட்டுக்கு இடம் விட வலது ஃபிளாஞ்ச் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அந்தப் பக்கம் கூடுதலாக இழுத்தாக வேண்டும். மேலே உள்ள கணக்கில் 22க்கு 34. ஆகவே வலப்பக்கம் 120 கிலோ இருந்தால் இடப்பக்கம் 78 கிலோதான் நிற்கும். வலப்பக்கத்தை 90 கிலோவிலேயே நிறுத்திவிட்டால் இடப்பக்கம் 58க்கு இறங்கிவிடும். உங்கள் சக்கரத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. பசை தளர்வைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

முதல் வேலை, ரிம் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவுக்குப் பக்கத்தில் வலப்பக்கத்தை ஏற்றுவது. பல ரிம்களுக்கு அது 100 முதல் 125 கிலோவுக்குள் இருக்கும். அதை மீறினால் ஓட்டையைச் சுற்றி ரிம் வெடிக்கும். புதிதாகக் கட்டுவதாக இருந்தால் வலப்பக்கம் 2.0/1.8, இடப்பக்கம் சாபிம் டி-லைட் போல நடுவில் 1.65 உள்ள கம்பி போடுங்கள். குறைந்த டென்ஷனிலும் மெலிந்த கம்பி போதுமான அளவு நீண்டு நிற்கும்.

ஓட்டைகள் 3 மி.மீ. ஒதுங்கிய அசிமெட்ரிக் ரிம் கிடைத்தால் இன்னும் நல்லது. 22, 34 என்பது 25, 31 ஆகிவிடும். இடப்பக்க டென்ஷன் வலப்பக்கத்தின் 65 சதவீதத்திலிருந்து 81 சதவீதத்துக்கு ஏறும். பின் சக்கரத்தில் ஓட்டைகள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் முன் சக்கரத்தில் நெருக்கமான ஃபிளாஞ்ச் டிஸ்க் இருக்கும் இடப்பக்கம். அங்கே ஓட்டைகள் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். திருப்பிப் போட்டால் இருந்ததைவிட மோசமாகிவிடும்.

2.0/1.5 கம்பியோ தட்டைக் கம்பியோ போட்டு எடை குறைக்க ஆசை. இதுவே என் முதல் சக்கரம். எடை 62 கிலோ.
– வாசகர், சிங்கப்பூர்

உங்கள் எடைக்கு 1.5 தாங்கும். சிக்கல் கட்டும்போது வரும். நிப்பிளைத் திருகினால் மரை ஏறுவதற்குப் பதிலாகக் கம்பியே முறுக்கிக்கொள்ளும். சக்கரம் நேராகிவிட்டது என்று எடுத்து ஓட்டினால் முதல் நூறு மீட்டரில் 'டிங் டிங்' என்று முறுக்கு விடுபட்டு, கோட்டம் திரும்பிவிடும். ஒவ்வொரு கம்பியிலும் சிறு டேப் துண்டைக் கொடி போல ஒட்டுங்கள். கொடி திரும்பினால் கம்பி முறுக்கிக்கொண்டது என்று பொருள். கால் சுற்று வேண்டுமானால் அரைச் சுற்றுப் போய்க் கால் சுற்றுத் திரும்பி வாருங்கள், கொடி பழைய இடத்துக்கு வர வேண்டும்.

தட்டைக் கம்பியில் முறுக்கு கண்ணுக்கே தெரியும், பிடிப்பானால் பிடித்தும் கொள்ளலாம். சாபிம் சி.எக்ஸ்-ரே 2.2 × 0.9 மி.மீ. தட்டை, சாதாரண ஹப் ஓட்டையிலும் நுழையும். கட்டச் சுலபம், விலைதான் பல மடங்கு. முதல் சக்கரத்தில் ஒன்றிரண்டு கம்பி வீணாவது சகஜம் என்பதால் 2.0/1.8இல் கை பழகிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் யோசனை.

டென்ஷன் மீட்டர் இல்லை. எல்லாக் கம்பியும் ஒரே டென்ஷனில் இருக்கிறதா என்று எப்படி அறிவது?
– வாசகர், தஞ்சாவூர்

வீணைத் தந்தியைப் போல விரலால் மீட்டிக் கேளுங்கள். நிப்பிளுக்குப் பக்கத்தில், எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் மீட்ட வேண்டும். ஒரு பக்கத்துக் கம்பிகளை அதே பக்கத்துக் கம்பிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஸட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள அளவு, அதாவது அரை ஸ்வரம் வேறுபட்டால் டென்ஷன் ஏறக்குறைய 12 சதவீதம் வேறுபடுகிறது. அதற்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டால் நல்ல கட்டு. சுருதி சமத்தைச் சொல்லும், ஆனால் 110 கிலோவா 80 கிலோவா என்பதைச் சொல்லாது. அதற்கு ஒருமுறையாவது மீட்டர் உள்ள கடையில் காட்டுங்கள். டயரில் காற்று இல்லாதபோது அளக்கச் சொல்லுங்கள். இறுக்கமான டியூப்லெஸ் டயரில் காற்று ஏறினால் ரிம் அழுந்தி டென்ஷன் குறைந்து காட்டும்.

பழைய சக்கரத்துக் கம்பிகளையே புது ரிம்முக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஏற்காடு

ஹப் அதே ஹப், ஈ.ஆர்.டி. வித்தியாசம் 1 மி.மீ.க்குள், இதுவரை ஒரு கம்பியும் அறவில்லை என்றால் தாராளமாக. பழைய ரிம்மோடு புது ரிம்மைச் சேர்த்துக் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக அதே ஓட்டையிலிருந்து மாற்றுங்கள். நிப்பிள் புதிது போடுங்கள். இரண்டு மூன்று அறுந்த சக்கரம் என்றால் மிச்சக் கம்பிகளும் அதே களைப்பில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

நல்ல கம்பி, சரியான நீளம், டென்ஷனும் சரி. இருந்தும் கட்டிய சில மாதங்களில் கேசட் பக்கம் இரண்டு கம்பி கழுத்தில் அறுந்துவிட்டது. ஏன்?
– வாசகர், கொடைக்கானல்

அறுந்த கம்பியின் கழுத்துக்குச் சற்று மேலே வெட்டுத் தழும்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் செயின் எப்போதோ கேசட்டைத் தாண்டி உள்ளே விழுந்து கம்பியைக் கடித்திருக்கிறது. பின் டெரெய்லரின் (கியர் மாற்றியின்) உள் எல்லைத் திருகைச் சரிசெய்து, தழும்புள்ள கம்பிகள் அத்தனையையும் மாற்றுங்கள். அறாதவையும் அறும்.

தழும்பு இல்லையென்றால், கட்டும்போது கம்பியை அமரவைக்கும் வேலை விடுபட்டிருக்கலாம். புதுக் கம்பியின் வளைவு ஹப்பின் கோணத்துக்கு அப்படியே பொருந்தாது. வெளிப்பக்கமாக வரும் கம்பிகள் ஃபிளாஞ்சைவிட்டுச் சிறிது வில்லாக விலகி நிற்கும். கட்டிய உடனேயே அவற்றைக் கட்டைவிரலால் ஃபிளாஞ்சோடு ஒட்ட அழுத்திவிட வேண்டும். டென்ஷன் முழுதாக ஏறிய பிறகு, ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் இரண்டு கம்பிகளைக் கையுறை போட்ட கையால் சேர்த்து இறுகப் பிழிந்து விடுங்கள். சக்கரம் முழுவதும் இப்படிச் சுற்றி வாருங்கள். அந்த நொடியில் ஏறும் கூடுதல் டென்ஷனில் கழுத்து தன் கோணத்தை எடுத்துக்கொள்ளும், வளைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய அழுத்தமும் தணியும். பிழிந்த பிறகு சக்கரம் கோணினால் டென்ஷன் சமமாக இல்லை என்று அர்த்தம். திரும்பச் சரிசெய்து மீண்டும் பிழியுங்கள். கோட்டம் வராமல் நிற்கும் வரை இது தொடர வேண்டும்.

அறுந்த இரண்டுக்கு மட்டும் புதுக் கம்பி போட்டு, எல்லாக் கம்பியையும் இன்றே பிழிந்துவிடுங்கள். மாதம் ஒன்று ஓட்டிய பிறகும் அறுந்தால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் அத்தனையையும் மாற்றுங்கள். மேலதிகமாக ஒவ்வொரு நீளத்திலும் மூன்று கம்பி, ஐந்தாறு நிப்பிள் வாங்கிவையுங்கள். அடுத்த முறை போகும்போது அதே வகை, அதே நீளம் கடையில் இருக்கும் என்று எண்ண முடியாது.